சீனியும் குக்கர் விசிலும்

செப்டம்பர் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரி ராஜகனி ட்யூட்டி முடிந்து வந்தபோது காய்கறிக் கூடையில் காய்கறி இல்லை. நாய்க்குட்டி இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் வீட்டில் குட்டி போட்டதாம். டாஷண்ட் என்கிற குட்டை ஜாதி. உடம்பு ஒரு முழம், கால் நாலு விரல். வயிறு தரையைப் பெருக்கிக்கொண்டு போகிறது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க சும்மாதான இருக்கீங்க" என்றாள்.

மே மாதம் ஓய்வு பெற்றதிலிருந்து இந்த வீட்டில் அதிகம் புழங்கும் வார்த்தை இது. நான் சும்மா இல்லை. காலையில் நடை, பிறகு பேப்பர், சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களை மேற்பார்வையிடுவது. போன வாரம் விசில் ஊதி ஒரு பையனுக்கு நோபால் கொடுத்தேன். அவனுடைய அம்மா வாசலில் வந்து நின்று கொடுத்த தீர்ப்பை இங்கே எழுத முடியாது.

குட்டிக்குச் சீனி என்று ராஜகனியே பெயர் வைத்துவிட்டாள். அதட்டிக் கூப்பிட ஏற்ற பெயரா அது? நான் கேப்டன் என்று கூப்பிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். பொட்டைக்குட்டி என்றாள். பெண்கள் கேப்டனாக இருக்கக் கூடாதா?

வந்த அரை மணி நேரத்தில் ஹாலில் ஒரு குட்டை, பூஜை அலமாரிக்கு முன்னால் ஒரு குட்டை.

"வெளிய போகப் பழக்கணுங்க. உங்களால ஆகுமா?"

என்னிடமா கேள்வி! பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே விசிலில் வரிசையில் நிறுத்தியவன் நான். ஒரு வாரம் போதும் என்று சொல்லிவிட்டேன். பயிற்சி விவரத்தைத் தினமும் இதில் எழுதி வைக்க வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

கேப்டன் என் கான்வாஸ் ஷூவுக்குள் ஒன்றுக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

தூத்துக்குடியிலிருந்து சுபாஷினி போன். வழக்கம்போல் அம்மாவும் மகளும் அரை மணி நேரம். பிறகு போன் என் கைக்கு வந்தது. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். சாப்பிடுகிறேன் என்றாள். நட என்றேன். நடக்கிறேன் என்றாள். போன் திரும்பப் போய்விட்டது.

ராஜகனி முகம் சரியில்லை. விசாரித்தால், நவம்பர் பத்தாம் தேதி அவர்கள் வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் நாங்கள் பிள்ளையை அழைத்து வருவதில் சிக்கலாம். வீட்டுக்குள் நாய் கண்ட இடத்தில் போகிறது, பச்சைக் குழந்தை வரப்போகிற வீடு, அத்தைக்கு யோசனையாக இருக்கிறதாம். நாய் பழகாவிட்டால் தூத்துக்குடியிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்கிறாளாம்.

தலைப்பிரசவம். தாய் வீட்டில் நடக்காமல் மாமியார் வீட்டில் நடந்தால் ஊர் என்ன பேசும்? ஊர் கிடக்கட்டும். மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கியும் மாட்டிவிட்டேன்.

"நவம்பர் வரைக்கும் பாப்போம். பழகலைன்னா வாங்கின இடத்துலயே குடுத்துருவோம்" என்றாள் ராஜகனி.

நாய் போனால் போகட்டும், எனக்கென்ன. ஆனால் ஒரு பி.டி. மாஸ்டரால் முழ நீளக் குட்டியைப் பழக்க முடியவில்லை என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வரக் கூடாது.

செப்டம்பர் 11, புதன்

வெற்றி. சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் கேப்டனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் கொய்யா மரத்தடியில் விடுகிறேன். விசில் ஊதுகிறேன். போகும்வரை ஊதுகிறேன். இப்போது ஊதிய மாத்திரத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். என் சர்வீஸில் எந்தப் பையனும் இத்தனை சீக்கிரம் கட்டளைக்குப் பணிந்ததில்லை.

ராஜகனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவாயில்லையே" என்றாள். பரவாயில்லையாம்!

செப்டம்பர் 14, சனி

காலை நடை முடிந்து வந்தால் அடுப்படி வாசலில் மூன்று குட்டை. நேற்றும் மூன்று. கேப்டனை மூலையில் நிறுத்தி விரலை நீட்டிக் கண்டித்தேன். விரலை நக்கினாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

கணுக்கால் பிசகியதால் நடை இல்லை. ஹாலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் ராஜகனி. கேப்டன் அவள் காலடியில். குக்கர் முதல் விசில் அடித்தது. கேப்டன் எழுந்தாள், நாலடி நடந்தாள், கடமை உணர்வோடு உட்கார்ந்தாள், போனாள். இரண்டாவது விசில். பாவம், மிச்சமிருந்ததில் கொஞ்சம் போனாள். மூன்றாவது விசிலுக்கு இரண்டு சொட்டுதான் வந்தது. முக்கி முக்கிப் போய்விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். செய்தது சரிதானே சார் என்று கேட்கிற பார்வை.

ராஜகனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாயிற்று. எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை.

பிறகு நகராட்சிக் குப்பை வண்டி வந்தது. வண்டி தள்ளி வரும் அம்மாவும் விசில்தான் ஊதுவாள். வாசல்படியில் நாலாவது.

செப்டம்பர் 18, புதன்

சுபா போன். குக்கர் விவகாரம் அதற்குள் தூத்துக்குடி போய்ச் சேர்ந்துவிட்டது. என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாளாம்.

"அப்பா, விசிலை எடுத்து உள்ள வைங்க" என்றாள். அவள் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தத் தோரணை வந்துவிட்டது. "போன இடத்தை நல்லா வாடை போகக் கழுவணும். தப்பு நடந்தப்புறம் திட்டினா அதுக்கு எதுக்குன்னே தெரியாது, உங்களைப் பார்த்துப் பயப்படத்தான் கத்துக்கும். சரியான இடத்துல போச்சுன்னா அந்த நிமிஷமே பாராட்டணும். வாய் நிறையப் பாராட்டணும்."

"பாராட்டிப் பாராட்டி யாரு உருப்பட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"அம்மாட்ட குடுங்க" என்றாள்.

செப்டம்பர் 21, சனி

குக்கருக்குத் தடை. சோறு வடிக்க வேண்டும். ராஜகனிக்குக் காலை ட்யூட்டி. "எனக்கு நின்னு வடிக்க நேரமில்ல. நாயைப் பழக்குறவுங்க வடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வடித்தேன். கஞ்சியோடு பாதிச் சோறும் தொட்டிக்குள் போனது. மீதிச் சோற்றைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டோம். கேப்டன் மட்டும் ரசித்துச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பாராட்டுவது லேசான காரியமில்லை. கொய்யா மரத்தடியில் அவள் போனதும் "குட்!" என்றேன். அட்டென்ஷன் சொல்லும் குரலில் வந்துவிட்டது. பயந்து வீட்டுக்குள் ஓடி மிச்சத்தைச் சோபாவுக்கடியில் போனாள்.

ராஜகனி அவளிடம் எப்படிப் பேசுகிறாள் என்று இன்று கவனித்தேன். குரலை இறக்கி, வார்த்தையை இழுத்து, தங்கம் வைரம் என்று நகைக்கடையையே இறக்குகிறாள். நமக்கு அதெல்லாம் வராது.

செப்டம்பர் 27, வெள்ளி

பக்கத்து வீட்டு மாடியில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "நல்ல பிள்ளை" என்றேன். மெதுவாகத்தான். வால் ஆடிய ஆட்டத்தில் பின்பாதி உடம்பே ஆடியது. கையிலிருந்த அவித்த முட்டைத் துண்டைக் கொடுத்தேன். முட்டையைத் தின்பதற்கு முன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

கேப்டன் என்றால் திரும்புவதில்லை. சீனி என்றால் ஓடி வருகிறாள். பயிற்சி நலன் கருதி இனி சீனி.

அக்டோபர் 2, புதன்

இன்று வீட்டுக்குள் ஒன்றுமில்லை. சோறும் உதிரி உதிரியாக வந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

பகலெல்லாம் ஒழுங்காக இருக்கிறாள். சாயங்காலம் மட்டும் பின்வாசல் கதவோரம் ஒரு குட்டை. நான்கு நாளாக இதே கதை. சின்ன நாய்க்கு அடக்கி வைக்க வயிற்றில் இடம் ஏது? ஆனால் ஏன் சாயங்காலம் மட்டும்?

இன்று தெருப்பக்கம் போகாமல் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு மணிவாக்கில் ராஜகனி விளக்கேற்ற வந்தாள். முன்வாசலை விரியத் திறந்தாள், பின்வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து செய்வதுதான். முன்னால் வரும் லட்சுமி பின்னால் போய்விடக் கூடாது. சீனி பின்வாசலுக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேறு வழியில்லாமல் அங்கேயே போனாள்.

பாவம், அவள் சரியாகத்தான் வந்திருக்கிறாள். கதவு சாத்தியிருந்தால் அவள் என்ன செய்வாள்?

விளக்கேற்றுவதற்கு முன்னால் ஒருமுறை சீனியை வெளியே கூட்டிப்போவது என்று ராஜகனியோடு ஒப்பந்தம்.

அக்டோபர் 12, சனி

தெருவில் ஒரு பையன், "சார், இன்னிக்கு நோபால் பாக்க வரலையா?" என்று கேட்டான். எனக்கு நேரமில்லை என்றேன். உண்மையிலேயே நேரமில்லை.

அக்டோபர் 19, சனி

காலையிலிருந்து அடைமழை. சீனி பின்வாசல்படியில் நின்று ஒரு காலை நீட்டி ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். குட்டைக் கால்காரி, வயிறு நனைகிறது, அவள் மேலும் தப்பில்லை. ஆனால் விட்டால் இத்தனை நாள் உழைப்பும் வீண்.

குடையை எடுத்துக்கொண்டு போனேன். குடை இருவருக்கும் போதவில்லை. நீளமான நாய்க்கு நீளவாக்கில் பிடிக்க வேண்டியிருந்தது. கொய்யா மரத்தடியில் குனிந்து அவள் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, முதுகில் தண்ணீர் ஓட ஓட நின்றேன். சுற்றினாள், மோந்தாள், மறுபடியும் சுற்றினாள். கடைசியில் போனாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் வாயில் வந்ததெல்லாம் சொல்லிவிட்டேன். மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? கொஞ்சம் ஆடவும் செய்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது ராஜகனி அடுப்படி ஜன்னலில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்துக் கொடுத்து, "தலையைத் துவட்டுங்க" என்றாள். ரொம்ப அன்பாகச் சொன்னாள். என்னவென்று தெரியவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

சுபா நேராக என் நம்பருக்கே கூப்பிட்டாள். பதறிப்போய் என்னம்மா ஆச்சு என்றேன். ஒன்றுமில்லை, சீனி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். சொன்னேன். மழை அங்கேயும் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். நனையாமல் இருங்கப்பா என்று சொல்லிவிட்டு, காரணமே இல்லாமல் சிரித்தாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

சம்பந்தியம்மா தங்கபுஷ்பம் வளைகாப்புக்கு முறையாக அழைக்க வந்தார். வந்தது மதியம். ஹாலைப் பார்த்தார், மாடி அறையைப் பார்த்தார், தொட்டில் கொக்கியை இழுத்துப் பார்த்தார். சீனி அவர் செருப்பை மோந்துவிட்டு வந்து என் காலடியில் படுத்தாள். எல்லாம் நல்லபடியாகப் போனது.

பேச்சு மும்முரத்தில் பொழுது போனதே தெரியவில்லை. ராஜகனி விளக்கேற்ற எழுந்ததும், "நா பின்வாசலைச் சாத்துதேன் மயினி" என்று சம்பந்தியம்மாவே எழுந்துபோய்ச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்தார். சீனி வெளியே போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பின்வாசலுக்கு ஓடினாள். கதவைப் பிறாண்டினாள். என்னிடம் ஓடி வந்தாள், திரும்பக் கதவுக்கு ஓடினாள். உட்கார்ந்து முனகினாள். முன்பு போல் கதவோரம் போய்விடவில்லை. உடம்பு நடுங்க அடக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். திறந்தால் சம்பந்தியம்மா சாத்திய கதவைத் திறந்ததாகும். திறக்காவிட்டால் இன்னும் ஒரு நிமிஷம்தான். எனக்கு வேர்த்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, அது கதவையே பாத்துட்டு நிக்குது?"

"வெளிய போகணும்மா அதுக்கு."

"அதுக்கு ஏன் முழிச்சுக்கிட்டு நிக்கீய?" என்று அவரே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினார். "வாயில்லா ஜீவன அடக்க வெச்சுத்தான் லட்சுமியப் பிடிச்சு வெக்கணுமாக்கும்?"

சீனி கொய்யா மரத்தடிக்குப் பறந்தாள். எனக்குப் போன உயிர் வந்தது. "பாத்தீங்களாம்மா, பழகிட்டா. நாயை நினைச்சுத்தான் சுபாவை அனுப்ப நீங்க யோசிக்கிறதா..." என்று ஆரம்பித்தேன்.

"நானா? நாய வேண்டாம்னு நா எப்பச் சொன்னேன்? எங்க வீட்டுல ரெண்டு கெடந்துச்சு. நாயோடதான் வளந்தேன்." சம்பந்தியம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். "ஒங்க பொண்ணுதான் இங்கயே பெத்துக்கிடுதேன் அத்தைன்னா. ஏம்ட்டீன்னு கேட்டா, எங்கப்பா வீட்டுல தும்முததுக்கும் விசில் ஊதணும், எனக்கு மூச்சு முட்டும்னா. சின்னப் பிள்ள பேச்சு, மனசுல வெச்சுக்கிடாதீய அண்ணாச்சி. வளைகாப்புக்கு வாங்க. அவ கெளம்பினா கூட்டிட்டுப் போங்க, நா தடுக்க மாட்டேன்."

ராஜகனி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தாள். திரும்பவே இல்லை.

மழை வரும் போல் இருந்தது. கொடியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்து மடித்து வைத்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. சீனி சரியாக இருக்கிறாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தத்தில் சீனி கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டாள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையை உள்ளே நீட்டி வைத்திருந்தேன். இரண்டு தடவை அங்கேயே போய்விட்டாள். துடைத்தேன். பயத்தில் போவதற்கு யாராவது திட்டுவார்களா?

நவம்பர் 3, ஞாயிறு

ராஜகனியிடம் சொன்னேன். "நான் வேணா மூணு மாசம் மதுரையில தம்பி வீட்டுல இருந்துக்கிறேன். பிள்ளை இங்க வந்து நிம்மதியாப் பெத்துக்கட்டும்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீங்க போயிட்டா சீனியை யாரு பாப்பா?" என்றாள். "சோறு யாரு வடிப்பா?"

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். வளைகாப்புக்கு வாங்க."

நவம்பர் 9, சனி

நாளைக்கு வளைகாப்பு. சித்ரான்னங்களுக்கு எல்லாம் ராஜகனி ஏற்பாடு. சீனியையும் கூட்டி வரச் சொல்லி சம்பந்தியம்மா உத்தரவு. திரும்பும்போது காரில் ஓர் இருக்கை காலியாக வருமா என்று மட்டும் தெரியவில்லை. எதற்கும் தலையணை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். முதுகுக்கு வேண்டியிருக்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. சுபாவின் இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். நான் கடைசி வரிசையில் சீனியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. ராஜகனி உள்ளே போய் வெகு நேரம் வரவில்லை. நான் காரின் பின்கதவைத் திறந்து, மூடி, திறந்து வைத்தேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சுபா வந்தாள். கையில் பை இருந்தது. மாப்பிள்ளை இன்னும் இரண்டு பையோடு பின்னால் வந்தார். அவள் ஏறி உட்கார்ந்து தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.

நான் முன்னிருக்கையில் சீனியோடு உட்கார்ந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் பின்னாலிருந்து மழைச் சத்தம் கேட்டது. வெளியே வெயில். பிறகு என் குரலே கேட்டது. "போயிட்டியா? போயிட்டியாடி என் தங்கம்! என் சமத்துக் குட்டி! அய்யோ, என் ராசாத்தி போயிட்டா!" போனில் அந்தக் குடை நாளை ராஜகனி படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இதை எத்தனை தடவை பாத்திருக்கேன் தெரியுமாப்பா?" என்றாள் சுபா. கொஞ்ச தூரம் போனதும், "நான் மாவட்டப் போட்டியில நானூறு மீட்டர் ஜெயிச்சு ஓடி வந்தேன். ஞாபகம் இருக்கா? டைமிங் பத்தாதுன்னீங்க" என்றாள்.

ஞாபகம் இருந்தது. அந்த டைமிங் மாநிலப் போட்டிக்கு உண்மையிலேயே பத்தாது. அதைச் சொல்லவில்லை. சீனியின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

எட்டயபுரம் தாண்டியதும், "அப்பா, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. இனிமே அடக்க முடியாது" என்றாள். ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். ராஜகனி அவளைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். நான் சீனியை இறக்கி வேலியோரம் விட்டேன். சுற்றினாள், மோந்தாள், போனாள். "என் தங்கம், சமத்து" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். சுபா வெளியே வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தாள். முகத்தில் நிம்மதி. என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"நீயும் போயிட்டியா? என் தங்கம்! என் ராசாத்தி!" என்றேன்.

பெட்ரோல் போடுகிற பையன் குழாயைப் பிடித்தபடி நின்றுவிட்டான். ராஜகனி, "ஏங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சுபா நின்ற இடத்திலேயே சிரித்தாள். வளையலெல்லாம் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா? வலிக்குதா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். மூக்கை என் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள்.

சொன்னேன்.